மாங்காய் மண்டியில் ஒரு பிரவுசர் ஸ்கிரிப்ட்: காவேரிப்பட்டினம் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் நெடுஞ்சாலையில், காவேரிப்பட்டினத்தை ஒட்டி இருக்கிறது இந்த மாங்காய் மண்டி. சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் காயை வாங்கி மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவதுதான் முக்கிய வேலை. பெரும்பாலும் பெங்களூரா காய், கொஞ்சம் அல்போன்சா. ஜூனும் ஜூலையும்தான் உச்சம். பகலில் காய் பறித்து லோடு ஏற்றுவதால் வண்டிகள் மண்டிக்கு வந்து சேர இரவாகிவிடும்.

கணக்கு முழுவதும் பிரவுசரில் திறக்கும் ஒரு வாடகை மென்பொருளில் ஓடுகிறது. பகலில் கணக்கைப் பார்ப்பவர் பி.சி.ஏ. முடித்த ஒரு பெண். இரவு எடைமேடைப் பதிவைக் கவனிப்பவர் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். இருவருக்கும் ஒரே லாகின். விண்டோஸ் 10 உள்ள பழைய கணினி ஒன்று அலுவலக அறையில் இருந்தது. ஜூன் கடைசியில் எடைமேடைக்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று வாங்கி வைத்தார்கள். வங்கிப் பணப் பரிமாற்றமும் பழைய கணினியில்தான், அதே குரோமில்தான் நடந்தது.

இந்தப் பகுதியில் கணினி பழுது, நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். முதலாளி சொன்ன குறை இவ்வளவுதான்: "பழைய கம்ப்யூட்டர்ல ஃபார்ம் தானா நிரம்புது, புதுசுல நிரம்ப மாட்டேங்குது. சரி பண்ணிக் குடுங்க."

முதலில் பார்த்தது

தானாக நிரப்பியது ஒரு யூசர் ஸ்கிரிப்ட். பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதன் மேல் நம்முடைய சிறு நிரலையும் ஓடவிடும் ஏற்பாடு இது. 2005 வாக்கில் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்த கிரீஸ்மங்கி என்ற நீட்சி (பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) இதைப் பரவலாக்கியது. குரோமில் டேம்பர்மங்கி அந்த இடத்தைப் பிடித்தது. வயலன்ட்மங்கி மூலநிரல் திறந்த இன்னொன்று. இரவுப் பையன் ஒரு வீடியோவைப் பார்த்து டேம்பர்மங்கியை நிறுவி, இணையத்தில் கிடைத்த படிவ நிரப்பி ஸ்கிரிப்ட் ஒன்றை அதில் போட்டிருந்தார். ரகம், ஏஜென்ட் எண், கழிவு போன்றவற்றை ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம் என்பதற்காக. இரவில் வரிசையாக வண்டி நிற்கும்போது அந்த எண்ணம் வருவது இயல்பு.

புதிய கணினியில் அது ஓடாததற்குக் காரணம் எளிது. குரோம் 138ஆம் பதிப்பு முதல் டேம்பர்மங்கி போன்ற ஒவ்வொரு ஸ்கிரிப்ட் மேலாளருக்கும் அதன் விவரப் பக்கத்தில் 'யூசர் ஸ்கிரிப்ட்களை அனுமதி' என்று தனி சுவிட்ச் உண்டு. அதைப் போடாவிட்டால் ஸ்கிரிப்ட் பட்டியலில் இருக்கும், ஆனால் ஓடாது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நீட்சிகள் பக்கத்தில் இருக்கும் டெவலப்பர் மோடு என்ற சுவிட்சைப் போட்டால் போதும். வீடியோ பழையது என்பதால் பையன் அதை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிடும் முன் அதன் தலைப்பு வரிகளைப் படிக்காமல் நான் எங்கேயும் போடுவதில்லை. இங்கே அந்த வரிகள் சொன்னது கவலைக்குரியது. எங்கே ஓட வேண்டும் என்று சொல்லும் மேட்ச் வரியில் 'எல்லாத் தளங்களும்' என்று இருந்தது. என்ன அதிகாரம் வேண்டும் என்று சொல்லும் கிராண்ட் வரியில், எந்த வெளி சர்வருக்கும் தகவல் அனுப்பும் அனுமதி கேட்டிருந்தது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் முகவரியும் இருந்தது. அதாவது இன்றைக்குப் படித்துப் பார்த்து நல்லது என்று முடிவு செய்தாலும், நாளை அதை எழுதியவர் எதை மாற்றினாலும் அது இந்தக் கணினிக்கு வந்துவிடும். உள்ளே பாதி நிரல் ஒரே வரியில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது, படிக்க வழியில்லை.

வங்கிப் பக்கமும் அதே பிரவுசரில் திறக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'எல்லாத் தளங்களும்' என்றால் வங்கித் தளமும்தான்.

கணக்கில் விழுந்த குழப்பம்

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கணக்குப் பெண் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். இந்தப் பருவத்தில் விவசாயிகளோடு சில தகராறுகள். இரவுப் பையனின் கவனக்குறைவு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதிவுகளை எடுத்துப் பார்த்ததில் இரண்டு வேறு வேறு பிழைகள் கலந்திருப்பது தெரிந்தது.

முதல் பிழை எடையில். ஒரு வண்டியின் லோடு எடை 9,860 கிலோ. காலி வண்டி எடை 3,940. நிகரம் 5,920 வர வேண்டும். பட்டியலிலோ நிகரம் 9,860 என்றே இருந்தது, காலி எடைக் கட்டத்தில் பூஜ்யம். வண்டி உள்ளே வரும்போதே பதிவு போட வேண்டும், ஆனால் காயை இறக்கிய பிறகுதான் காலி எடை தெரியும். மென்பொருள் காலி எடைக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதிக்காது. அந்தத் தடை எதற்காக வைக்கப்பட்டதோ, அதையே படிவ நிரப்பி ஸ்கிரிப்ட் உடைத்திருந்தது. வெறும் கட்டங்களில் எல்லாம் அது பூஜ்யம் போட்டுவிட்டது, படிவமும் சேமிக்கப்பட்டது. காயை இறக்கி முடித்து வண்டி காலியாக எடைமேடை ஏறும்போது அடுத்த இரண்டு வண்டிகள் வாசலில் நிற்கும். திரும்பிப் போய்த் திருத்த வேண்டிய பதிவு எது என்று பட்டியலில் கண்ணுக்குப் படுவதில்லை.

இரண்டாவது பிழை தேதியில். இது புதிய கணினி வந்த பிறகு தொடங்கியது. தேதி அடிக்கும் கட்டம் எந்த வரிசையில் தோன்றும் என்பதைக் குரோமில் பெரும்பாலும் பிரவுசரின் மொழி தீர்மானிக்கிறது. பழைய கணினியில் அது இந்திய ஆங்கிலம்: நாள், மாதம், வருடம். புதிய கணினியில் அமெரிக்க ஆங்கிலம்: மாதம் முதலில். பழக்க தோஷத்தில் பையன் ஜூலை 6 என்று நினைத்து 06, 07 என்று அடிக்க, அது ஜூன் 7 ஆகச் சேமிக்கப்பட்டது. மென்பொருளின் பட்டியலும் மாதத்தை முதலில் காட்டுவதால் அங்கேயும் 06/07 என்றே தெரியும். அடித்ததும் அதே, தெரிவதும் அதே, சந்தேகம் வர வழியே இல்லை. 12ஆம் தேதிக்கு மேல் இந்தப் பிழை வராது, 13ஆம் மாதம் இல்லை என்பதால் கட்டம் ஏற்காது. மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் வரும். மாங்காய்ப் பருவம் ஜூனிலும் ஜூலையிலும் விரிந்து கிடப்பதால், ஜூலை 6 ஜூன் 7 ஆகும்போது தவறான தேதியும் பருவத்துக்கு உள்ளேயே போய் விழுந்து மறைந்துவிடுகிறது. அன்றன்றைக்கு உள்ள விலை தேதியைப் பார்த்துத் தானாக ஏறும். ஜூன் தொடக்க விலையும் ஜூலை விலையும் ஒன்றல்ல.

ஒரு பெரியவர் கைச்சீட்டோடு வந்து, "ஏம்மா, நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி லோடு எறக்கினேன். போன மாசத்து வெல எப்படி வந்துது?" என்று கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் கணக்கு அப்படியே முடிந்திருக்கும். இரண்டு பிழைகளிலும் பையனின் கவனம் மட்டுமே காரணம் இல்லை என்பதை முதலாளியிடம் பதிவுகளைக் காட்டி விளக்கினேன். அதைச் சொல்வது அவசியம் என்று நினைத்தேன். பருவத்தின் நடுவில் ஒருவரைக் குற்றம் சொல்லி அனுப்பிவிட்டால் பிழை நிற்கப்போவதில்லை, அடுத்து வருபவரும் அதே கட்டத்தில்தான் அடிப்பார்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

இணையத்திலிருந்து எடுத்த ஸ்கிரிப்டைச் செயலிழக்க வைப்பதோடு நிறுத்தாமல் நீக்கினோம். அது எதையாவது திருடியது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, வங்கிக் கணக்கிலும் தெரியாத பரிவர்த்தனை இல்லை. ஆனாலும் வங்கிக் கடவுச்சொல்லை வேறு கணினியிலிருந்து மாற்றச் சொன்னேன். முதலாளிக்கு இது மிகையாகத் தோன்றியது. பக்கங்களின் நிறத்தையும் எழுத்தையும் மாற்ற உதவிய ஸ்டைலிஷ் என்ற பிரபலமான நீட்சி, பயனர்கள் திறந்த பக்கங்களின் வரலாற்றைச் சேகரித்தது தெரிந்து 2018 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டின் கடைகளிலிருந்தும் எடுக்கப்பட்டதைச் சொன்னேன். நிறம் மாற்றுவதற்கென்று லட்சக்கணக்கானோர் நம்பிப் போட்ட ஒன்று அது. அப்புறம் அவர் தயங்கவில்லை.

அடுத்து, வேலையைப் பிரித்தோம். வங்கி வேலை குரோமில், எந்த நீட்சியும் இல்லாமல். மண்டி மென்பொருள் ஃபயர்ஃபாக்ஸில், அதில் வயலன்ட்மங்கி மட்டும். குரோமிலேயே இரண்டு புரொஃபைல் வைத்தும் இதைச் செய்யலாம், நீட்சிகள் புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனித்தனிதான். ஆனால் இரவில் அவசரத்தில் வேலை செய்பவருக்கு மூலையில் தெரியும் சிறு வட்டப் படத்தை விட, ஐகானே வேறாக இருக்கும் இரண்டு பிரவுசர்கள் தெளிவு.

தேதிக் கட்டத்துக்கு ஸ்கிரிப்ட் தேவையே இல்லை. ஃபயர்ஃபாக்ஸின் மொழியைப் பிரிட்டன் ஆங்கிலமாக இரண்டு கணினியிலும் மாற்றியதும் நாள் முதலில் வந்துவிட்டது. அமைப்பில் தீரும் விஷயத்துக்கு நிரல் எழுதக் கூடாது. பட்டியல் பக்கத்தில் தேதியை எழுதுவது மென்பொருளே என்பதால் அங்கே மட்டும் ஸ்கிரிப்ட் வேண்டும்.

அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். பையன் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணா, நாமளே எழுதுறோம்னா நிரப்புறதையும் பத்திரமா எழுதலாமே?" எழுதலாம். ஆனால் இங்கே நடந்த பிழையே, மனிதன் நிரப்ப வேண்டிய கட்டத்தை நிரல் நிரப்பியதால் வந்தது. எனவே ஸ்கிரிப்ட் பக்கத்தைக் காட்டும் விதத்தை மட்டும் மாற்றும், எந்தக் கட்டத்திலும் எழுதாது, எந்தப் பொத்தானையும் அழுத்தாது என்று முடிவு செய்தோம். மென்பொருள் நிறுவனத்துக்கும் போன் செய்து கேட்டோம். பார்வைக்கு மட்டும் என்றால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

எழுதியவர் கணக்குப் பெண். நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். நான் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்னைத் தேட வேண்டியிருக்கும், பருவத்தில் அது நடக்காது. மேட்ச் வரியில் அந்தப் பட்டியல் பக்கத்தின் முகவரி ஒன்று மட்டும். கிராண்ட் வரியில் 'நன்', அதாவது தனி அதிகாரம் எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து எடுக்கும் நிரல் தொகுப்பு (நூலகம்) இல்லை, தானாகப் புதுப்பிக்கும் முகவரி இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: 'நன்' என்று இருப்பதாலேயே ஒரு ஸ்கிரிப்ட் பாதுகாப்பானது ஆகிவிடாது. அது ஓடும் பக்கத்தில் நாம் லாகின் செய்திருக்கும்வரை, பக்கம் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யலாம். படித்துப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

எழுதும்போது தெரிந்தவை

பட்டியலின் வரிகள் பக்கம் திறந்த உடனே இருப்பதில்லை, சற்றுக் கழித்து வந்து சேர்கின்றன. ஸ்கிரிப்ட் முதலில் ஓடும்போது அங்கே வரிகளே இல்லை. அதனால் பக்கத்தில் மாற்றம் வரும்போதெல்லாம் சொல்லும் மியூட்டேஷன் அப்சர்வரைப் பயன்படுத்தினோம்.

தேதியை '6 ஜூலை' என்று மாற்றி எழுதுவது எளிது. ஆனால் மூல எழுத்தை மாற்றினால் மென்பொருள் தன் வரிகளைத் திருப்பி வரையும்போது குழம்பலாம், எக்செலுக்கு நகலெடுத்தாலும் மாறிய எழுத்து போகும். ஆகவே மூலத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு தேதிக் கட்டத்துக்கும் ஒரு பண்பு (பக்கத்தின் நிரலுக்குள் ஒட்டும் குறிப்பு) மட்டும் சேர்த்து, அதைப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் பக்கத்தில் நீல எழுத்தில் காட்டினோம். அது கண்ணுக்குத் தெரியும், நகலில் போகாது.

போன பருவத்துப் பதிவுகளை வைத்துச் சோதித்தபோது கணக்குப் பெண் ஒன்றைக் கண்டுபிடித்தார். "அண்ணா, ரெண்டாம் பக்கம் போனா தேதி ஒண்ணு, பக்கத்துல நீலத்துல ஒண்ணு காட்டுது." மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது புதிய வரிகளை உருவாக்காமல், பழைய வரிகளிலேயே எழுத்தை மட்டும் மாற்றுகிறது. ஒருமுறை குறியிட்ட வரியைத் திரும்பப் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்ததால் பழைய குறி அப்படியே தங்கிவிட்டது. தவறான குறி, குறியே இல்லாததை விட மோசம். எழுத்து மாற்றத்தையும் கவனித்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும்படி மாற்றினார். பண்பு மாற்றங்களைக் கவனிக்கச் சொல்லாததால், தானே செய்த மாற்றத்துக்குத் தானே ஓடும் சுழலும் வரவில்லை.

காலி எடை பூஜ்யமாக உள்ள வரிக்குச் சிவப்புப் பின்னணி. லாரி உள்ளே நிற்கும்வரை பூஜ்யம் இருப்பது சரியே. அதனால் 'தவறு' என்று எழுதாமல் 'காலி எடை பாக்கி' என்று காட்டினோம்.

பிறகு நடந்தது

முதல் சில இரவுகளிலேயே பயன் தெரிந்தது. காலையில் பட்டுவாடாவுக்கு முன் கணக்குப் பெண் சிவப்பு வரிகளை எடைமேடைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து முடித்துவிடுவார். ஏற்கெனவே தேதி மாறி விழுந்த பதிவுகளையும் கைச்சீட்டை வைத்துத் திருத்தி, குறைந்து போன விவசாயிகளுக்குப் பாக்கியைக் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு வாரம் போனதும் சிவப்பு நிறத்தைப் பையன் பொருட்படுத்துவது குறைந்தது. காரணம், சின்ன வண்டிகளில் கிரேட்டில் வரும் காயை மேடைத் தராசில் நேரடியாக எடை போடுகிறார்கள். அங்கே காலி வண்டி எடை என்பதே கிடையாது, பூஜ்யம்தான் சரி. அந்த வரிகளும் சிவப்பாகவே நின்றதால், சிவப்பு என்றால் எப்போதும் அப்படித்தான் என்று ஆகிவிட்டது. எடை முறைக் கட்டத்தில் 'தராசு' என்று இருந்தால் நிறம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று.

ஜூலை நடுவில் மென்பொருள் நிறுவனம் பட்டியலில் ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தது. ஸ்கிரிப்ட் காலி எடையை 'ஆறாவது கட்டம்' என்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தது. இப்போது ஆறாவது கட்டத்தில் லோடு எடை. அது பூஜ்யமாக இருக்காது, எனவே ஒரு வரி கூடச் சிவக்கவில்லை. பட்டியல் முழுவதும் ஒழுங்காக இருப்பது போலத் தெரிந்தது. ஒரு லாரியின் லோடு எடையும் நிகர எடையும் ஒன்றாக இருப்பதைக் கணக்குப் பெண் தற்செயலாகப் பார்த்திராவிட்டால் அன்றைய பட்டுவாடா தவறாகப் போயிருக்கும்.

அன்றே இரண்டு மாற்றங்கள் செய்தோம். கட்டத்தை எண்ணால் தேடாமல் தலைப்பு எழுத்தால் தேடுவது ஒன்று. மற்றது, பக்கத்தின் மேலே எப்போதும் ஒரு பட்டை: 'பார்த்த வரிகள் 50, பாக்கி 2' என்பது போல. தலைப்பு கிடைக்காவிட்டால் அந்தப் பட்டை மஞ்சளாகி 'சரிபார்க்க முடியவில்லை' என்று காட்டும். பட்டையே இல்லை என்றால் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று பொருள். சிவப்பு இல்லாததை மட்டும் நம்பி யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்று முதலாளி இருவரிடமும் சொல்லி வைத்தார். இந்தப் பட்டையை முதல் நாளே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் இப்படி ஒன்றை எழுதினால் நிறத்துக்கு முன் இதைத்தான் எழுத வேண்டும்.

பருவம் முடியும் தறுவாயில் அந்தப் பக்கத்தின் படத்தை மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பினோம். அடுத்த பதிப்பில் 'காலி எடை பாக்கி' என்ற நிலையை அவர்களே சேர்த்தார்கள். இப்போது அந்தப் பதிவு பட்டுவாடாப் பக்கத்துக்கே வராது. ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம். தேதிப் பகுதியும் மேல் பட்டையும் மட்டும் ஓடுகின்றன.

அடுத்த பருவத்துக்கு மாற்றுவது

ஸ்கிரிப்டின் நகல் ஃபயர்ஃபாக்ஸுக்குள் மட்டுமே இருந்தது. இப்போது பென்டிரைவில் ஒன்றும், அச்சிட்டு கணக்குக் கோப்பில் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அச்சுப் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கணக்குப் பெண் தமிழில் எழுதியிருக்கிறார், அடுத்து வருபவருக்காக.

சோதனை ஏப்ரலில், முதல் லோடு வரும் முன், போன பருவத்துப் பதிவுகளை வைத்து நடக்கும். மென்பொருளில் ஏதாவது மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இருவருக்கும் தனித்தனி லாகின் கேட்டிருக்கிறோம். எந்தப் பதிவு எந்தக் கணினியில், யார் கையால் விழுந்தது என்று தெரிந்திருந்தால் தேதிப் பிழை புதிய கணினியோடு தொடங்கியதை முதல் தகராறிலேயே கண்டிருக்கலாம். தனி லாகினுக்கு மாத வாடகை கொஞ்சம் கூடும், முதலாளி சம்மதித்துவிட்டார்.